ஈரக் கழிவு

கடிதத்தோடு ஒரு பட்டியல் வந்திருந்தது.
கழுத்து மூடிய முழுக்கைச் சட்டை, தொளதொளப்பாக.
தலைக்கும் பிடரிக்கும் சேர்த்துத் துணி.
அரை அளவு பெரிய பூட்ஸ், மணலில் பாதம் வீங்குமாம்.
ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அவரவர் முதுகில்.
கடைசியாக ஒரு கட்டம்:
கடும் வெயிலில் முன் அனுபவம்?

அதை மட்டும் காலியாக விட்டேன்.

காங்கேயத்துக்காரிக்கு
அந்தக் கட்டத்தை நிரப்பக் கூச்சம் என்றால்
யார் நம்புவார்கள்?
தேங்காய்க் களத்துக் கணக்குப்பிள்ளையாக
இருபத்திரண்டு வருஷம் வெயிலைப் பார்த்திருக்கிறேன்,
ஜன்னல் வழியாக.
மேலே மின்விசிறி,
பேரேடு பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கொட்டாங்குச்சி.

"காசு குடுத்து வெயில் வாங்கப் போறயாக்கு?"
என்றார் அண்ணன்.
"நம்ம காட்டுல சும்மாதான கெடக்குது,
வந்து அள்ளிக்க."

பூட்ஸைப் பழக்கச் சிவன்மலைக்குப் போனேன்.
படியில் செருப்பு ஆகாதென்பது
அடிவாரத்தில்தான் உறைத்தது.
வண்டிப் பாதையில் திரும்பி ஏறினேன்,
பையில் ஆறு பாட்டில் தண்ணீர்
ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வந்தது.
மொபெட்காரர் ஒருவர் நிறுத்தினார்.
"ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?"
இல்லீங்க.
"அப்ப வேண்டுதலுங்களா?"
எங்கள் பக்கம் நடக்கக் காரணம் இரண்டுதான்.
மூன்றாவதற்கு என்னிடம் பேர் இல்லை.
ஆமாங்க என்றேன்.

ஜோர்டானிலிருந்து வழிகாட்டி சாலிம் எழுதினார்.
நிழல் இருக்குமா என்று நான் கேட்டிருந்தேன்.
பத்து மணிவரை பாறைக்கு மேற்கே இருக்கும்,
மூன்றுக்குப் பிறகு கிழக்கே.
இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து டீ குடிப்போம்.
அவ்வளவுதான் கடிதம்.
மூன்று தரம் படித்தேன்.

பங்குனிக் கடைசி. மணி பன்னிரண்டு.
மின்விசிறியை நிறுத்திவிட்டுக் களத்தில் இறங்கினேன்.
பருப்பெல்லாம் வாய் திறந்து வானம் பார்த்துக் கிடந்தது.
சேலைக்கு மேல் ஆண்கள் முழுக்கைச் சட்டை,
தலையிலிருந்து பிடரி வரை துண்டு:
பட்டியலை ஏற்கெனவே உடுத்தியிருந்தார்கள் அத்தனை பேரும்.
குறுக்கும் நெடுக்குமாக நான் நடப்பதை
மயிலாத்தாள் கொஞ்சநேரம் பொறுத்தாள்.
"வெறும் நடைக்கு
இதத் தள்ளீட்டே நடங்களே."
கையில் பலகை.

முதல் வரிசை நன்றாகவே போனது.
மூன்றாவதில் வெள்ளைப் பருப்பு பச்சையாகத் தெரிந்தது.
நாலாவதை நான் பார்க்கவில்லை.
வேப்பமரத்தடியில் உப்பு மோர்,
"மெல்ல, மெல்லக் குடிங்க,"
யார் கை என்று தெரியாத ஈரத் துண்டு நெற்றியில்.
கண் தெளிந்த பிறகுதான் சிரித்தார்கள்.

மயிலாத்தாள் கேட்டாள்,
"அங்க நாளைக்கு என்ன கூலிங்க?"
நான்தான் குடுக்கோணும்.
சற்று நேரம் பேச்சில்லை.
"எத்தனைங்க?"
அவளுடைய கூலியை வாராவாரம் எழுதும் கை
மோர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
பாதித் தொகையைச் சொன்னேன்.
அதற்கே அவள் எழுந்து போய்விட்டாள்,
கோபமில்லை, பருப்புக் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரி கட்டத்தை நிரப்பினேன்:
ஐம்பது நிமிடம்.

கிளம்புவதற்கு முந்தின நாள்
மூட்டை போடும் தராசில் பையை வைத்தேன்.
ஆறு கிலோ நானூறு.
பழக்கதோஷத்தில் கேட்டான் கொழந்தசாமி,
"ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கட்டுங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில்
எத்தனை பேர் மூட்டையில்
எவ்வளவு ஈரம் கழித்திருப்பேன்.

கழிக்க வேண்டாம் என்றேன்.
பேரேட்டிலும் ஏற்றினேன், என் பங்குக்குப் பழக்கதோஷம்:
பை ஒன்று. தண்ணீர் மூன்று லிட்டர். கழிவு இல்லை.

குனிந்து பூட்ஸைக் கழற்றினால்
இடது குதிகாலில், புறப்படும் முன்பே,
ஒரு கொப்புளம்.